பி.சி.டி. நடையில் பிஷப் ஊருக்கு இறங்குவதா, பத்து நாள் சாப்பாட்டைச் சுமப்பதா?

நடைக்காரி | மார்ச் 8

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 22 அன்று மெக்சிகோ எல்லையில் காம்போவிலிருந்து பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் (பி.சி.டி., அமெரிக்காவின் மேற்குப் பக்க மலைகள் வழியாகக் கனடா எல்லை வரை போகும் நடைபாதை) நடக்கத் தொடங்குகிறேன். தனியாகத்தான். பெர்மிட் கிடைத்துவிட்டது, வேலையில் ஆறு மாத விடுப்பும் கிடைத்துவிட்டது, அம்மாவின் சம்மதம் மட்டும் இன்னும் பாதிதான் கிடைத்திருக்கிறது.

தெற்குக் கலிஃபோர்னியாப் பகுதிக்குத் திட்டம் போட்டு முடித்துவிட்டேன். அங்கே நாலைந்து நாளுக்கு ஓர் ஊர் வந்துவிடும், ஜூலியன், ஐடில்வைல்ட், பிக் பேர், ரைட்வுட், டெஹாச்சப்பி என்று. அங்கங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம். நான் மாட்டிக்கொண்டு நிற்பது கென்னடி மெடோஸுக்கு அப்புறம். அது 1,130வது கிமீ. அங்கிருந்து சியெரா மலைக்குள் நுழைந்தால் பாதை எந்தச் சாலையையும் வெட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த உணவு நிறுத்தமான வெர்மிலியன் வேலி வரை ஒரே மூச்சாகப் போனால் 280 கிமீக்கு மேல். நடுவில் இறங்க வேண்டுமானால் கியர்சார்ஜ் கணவாய் ஏறிக் கிழக்கே இறங்கி இண்டிபெண்டன்ஸ் அல்லது பிஷப் போக வேண்டும். பாதையை விட்டு விலகிப் போக 12 கிமீ, அதே 12 கிமீ திரும்பி ஏற வேண்டும், கணவாயே 3,580 மீட்டர் உயரம்.

நான் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டேன். இறங்கலாமா, சுமக்கலாமா? இறங்கினால் சாப்பாட்டுப் பெட்டியை முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைக்கவா, அங்கேயே வாங்கவா? நடந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மலைக்காற்று | மார்ச் 8

இறங்குங்கள். யோசிக்கவே வேண்டாம். 2019இல் நடந்தேன், கியர்சார்ஜில் இறங்கினேன், அந்த ரெண்டு நாள் இல்லாவிட்டால் சியெராவை முடித்திருப்பேனா என்பதே சந்தேகம்.

கணக்கு சொல்கிறேன். கென்னடி மெடோஸிலிருந்து கியர்சார்ஜ் பிரியும் இடம் வரை ஏறக்குறைய 140 கிமீ. விட்னி உச்சிக்கும் போகிறீர்கள் என்றால் (போங்கள், 4,421 மீட்டர், அவ்வளவு பக்கத்தில் போய்விட்டுப் பார்க்காமல் வருவது பாவம்) அதற்கு ஒரு நாள். ஆக ஏழு நாள். ஏழு நாள் சாப்பாடு கரடி டப்பாவுக்குள் (கரடி திறக்க முடியாதபடி உணவை அடைத்து வைக்கும் கெட்டி டப்பா) அடங்கும். பத்து நாள் சாப்பாடு அடங்காது. பாதி சண்டை இங்கேயே முடிந்துவிடுகிறது.

---

லேசான_பை | மார்ச் 9

நான் இறங்காமல் போனவன், அதனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கரடி டப்பா கட்டாயம் என்பது உண்மை, ஆனால் முதல் ரெண்டு மூன்று நாள் சாப்பாடு, டப்பா கட்டாயமான பகுதிக்குள் போவதற்கு முன்பே தீர்ந்துவிடும். மீதி ஏழு நாள் உணவு டப்பாவுக்குள் போய்விடும். எனக்கு ஒரு நாளைக்கு 30 கிமீ வந்தது, ஒன்பதரை நாளில் வெர்மிலியன் வேலி சேர்ந்தேன். கியர்சார்ஜ் போய்வர 24 கிமீ கூடுதல் நடை, அப்புறம் ஊருக்குப் போகும் யாராவது காரில் ஏற்றிக்கொள்ளும் சவாரிக்குக் காத்திருப்பு, ஊரில் ஒரு ராத்திரி விடுதி வாடகை, திரும்பச் சவாரி. எல்லாம் சேர்த்தால் ரெண்டரை நாள் போகும். பணமும் போகும். மலைக்குள்ளேயே தொடர்ச்சியாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, நடுவில் கார் சத்தமும் டிவியும் வந்தால் அது கலைந்துவிடும். இதை நான் ஒப்புக்காகச் சொல்லவில்லை, அந்த ஒன்பது நாள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள்.

---

மலைக்காற்று | மார்ச் 9

நீங்கள் எந்த மாதம் அங்கே இருந்தீர்கள் என்று சொல்ல முடியுமா?

---

லேசான_பை | மார்ச் 9

ஜூலை கடைசி. பனி உருகியிருந்தது.

---

மலைக்காற்று | மார்ச் 9

அதுதான் வித்தியாசம். இவர் ஜூன் நடுவில் அங்கே இருப்பார். ஃபாரெஸ்டர் கணவாய் 4,009 மீட்டர், பி.சி.டி.யிலேயே உயரமான இடம், அதன் வடக்குச் சரிவில் ஜூனில் பனி கிடக்கும். காலையில் பனி இறுகிக் கிடக்கும்போதே ஏறிவிட வேண்டும், மதியத்துக்கு மேல் அது கூழாகிவிடும், ஒவ்வோர் அடிக்கும் தொடை வரை புதையும். அப்படிப் புதைந்து புதைந்து நடந்தால் நாளைக்கு 30 கிமீ என்பது 18, 20 ஆகிவிடும். ஆற்றைக் கடக்கவும் காலை வரை காத்திருக்க வேண்டிவரும். உங்கள் ஒன்பதரை நாள் அவருக்குப் பதின்மூன்று நாள் ஆகலாம். அப்போது பையில் உணவு இல்லையென்றால் என்ன செய்வது? 2023இல் பனி கொட்டித் தீர்த்த ஆண்டில் எத்தனை பேர் சியெராவை அப்படியே விட்டுவிட்டு வடக்கே தாவினார்கள் என்று பார்த்தோமே.

---

லேசான_பை | மார்ச் 10

சரி, ஜூன் என்றால் நான் வாதாட மாட்டேன். ஒன்று மட்டும்: கியர்சார்ஜுக்குப் பதில் முன்னாலேயே காட்டன்வுட் கணவாய் வழியாக ஹார்ஸ்ஷூ மெடோஸில் இறங்கி லோன் பைன் ஊருக்குப் போகலாம். பாதையிலிருந்து விலகும் தூரம் குறைவு, திரும்பும்போது ஏற்றமும் குறைவு.

---

ஐம்பத்தெட்டு | மார்ச் 10

லோன் பைன் வழி நல்ல வழிதான், ஆனால் அங்கே இறங்கினால் அடுத்த உணவு நிறுத்தம் வரை இன்னும் 200 கிமீக்கு மேல் கிடக்கும், ஃபாரெஸ்டர், க்ளென், பிஞ்சாட், மேதர், மியூர் என்று எல்லாக் கணவாயும் முழுப் பையோடு ஏற வேண்டும். கியர்சார்ஜில் இறங்கினால் அந்தத் தூரம் 143 கிமீயாகக் குறையும், ஃபாரெஸ்டரும் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். இன்னொன்று, விட்னி உச்சி ஏறியதும் அப்படியே கிழக்குப் பக்கம் விட்னி போர்ட்டல் வழியாக லோன் பைனில் இறங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பி.சி.டி. பெர்மிட்டில் உச்சி வரை போய் வந்த வழியே திரும்பத்தான் அனுமதி.

தங்கச்சி, எனக்கு வயது 58, முழங்கால் தேய்மானம் உண்டு. சியெராவில் பெரும்பாலும் பி.சி.டி.யோடு சேர்ந்தே போகும் ஜான் மியூர் டிரெயில் மட்டும் நடந்தவன் நான், முழு பி.சி.டி. இல்லை. கியர்சார்ஜில் ஒரு நாள் ஓய்வு என்று நினைத்து இறங்கி மூன்று நாள் இருந்தேன். முதல் நாள் உடம்புக்கு எதுவுமே தெரியவில்லை, குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ரெண்டாம் நாள்தான் கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது, தோளில் பட்டை எங்கே அறுத்திருக்கிறது என்றெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. நடக்கும்போது உடம்பு மறைத்து வைத்திருக்கும். மூன்றாம் நாள் காலை எழுந்தபோது கால் தரையில் பட்டதும் வலிக்கவில்லை, அப்போதுதான் கிளம்பினேன். ஒரு நாளில் கிளம்பியிருந்தால் க்ளென் கணவாயிலேயே திரும்பியிருப்பேன்.

---

நடைக்காரி | மார்ச் 10

ரொம்ப நன்றி. இறங்குகிறேன். கியர்சார்ஜ்தான்.

அடுத்த கேள்வி, பெட்டியா, கடையா?

---

பொடிடப்பா | மார்ச் 11

சாப்பாட்டுக் கேள்வி என்றதும் வந்துவிட்டேன். 2022இல் நடந்தேன், நானும் சைவம்.

முதலில் ஒரு முக்கியமான விஷயம். எல்லா ஊருக்கும் இப்போதே பெட்டி கட்டி வீட்டில் அடுக்கி வைக்காதீர்கள். நான் பதினெட்டுப் பெட்டி கட்டினேன். ஐந்தாவது வாரத்தில் புளியோதரைப் பொடியின் மணம் பட்டாலே குமட்டியது. வாரக்கணக்கில் தினமும் ஒரே ருசி சாப்பிட்டால் எந்த நாக்கும் மறுக்கும். மீதிப் பெட்டிகளை அப்படியே பிரித்து ஹைக்கர் பாக்ஸில் போட்டேன் (வேண்டாததை ஒருவர் போட, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் பொதுப் பெட்டி, நடையர்கள் வரும் எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்). அத்தனை வேலையும் வீண்.

ஆனால் சியெராவுக்கு மட்டும் பெட்டி அனுப்புங்கள். கென்னடி மெடோஸுக்கு ஒன்று, கியர்சார்ஜில் இறங்கும் ஊருக்கு ஒன்று. காரணம் அங்கே டப்பாவின் அளவுதான் எல்லாம். பெரிய கரடி டப்பா ஏறக்குறைய பதினொன்றரை லிட்டர், வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல். அதற்குள் உணவு மட்டும் இல்லை, பற்பசை, வெயில் கிரீம், குப்பை, மணக்கிற எதுவானாலும் உள்ளே. கடையில் கிடைக்கும் நூடுல்ஸ் காற்றை அடைத்து வைத்திருக்கும், இடத்தைத் தின்றுவிடும்.

ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள். மாவுச்சத்து 4, எண்ணெய் நெய் 9. சராசரி நாலரைக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் நாளைக்கு 850 கிராமில் கிட்டத்தட்ட 3,800 கலோரி வரும். ஏழு நாளுக்கு ஆறு கிலோ. அதுவும் பற்றாது, பற்றாக்குறையை ஊரில்தான் ஈடுகட்ட வேண்டும், ஊர் எதற்கு என்பதற்கு முதல் பதிலே அதுதான்.

நான் வைத்திருந்தவை: வறுத்து அரைத்த சத்துமாவு (வெல்லமும் பால்பொடியும் கலந்து, காலையில் குளிர்ந்த தண்ணீரில் கரைத்தாலே போதும், அடுப்பு வேண்டாம்). கடலை மிட்டாய், கணக்கில்லாமல். கெட்டி அவல், அதோடு பருப்புப்பொடி, தேங்காய்ப்பொடி மாற்றி மாற்றி. நெய் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பள்ளத்தாக்கு வெயிலில் உருகி ஒழுகும், மலை இரவில் கல்லாகிவிடும், ரெண்டும் தொல்லை.

அரிசி, பருப்பைப் பச்சையாகக் கொண்டுபோகாதீர்கள். 3,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் வேகாது, கேஸ்தான் தீரும். சாம்பார் சாதத்தை வீட்டிலேயே குழைய வடித்து, டீஹைட்ரேட்டர் தட்டில் மெல்லிசாகப் பரப்பி 57 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டால் காலையில் ஓடு மாதிரி உடையும். அதைப் பொடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். நெய் அப்புறம் மலையில் சேர்க்க வேண்டும், முதலிலேயே சேர்த்தால் காயாது.

---

நடைக்காரி | மார்ச் 11

சத்துமாவு யோசனையை அம்மாவிடம் சொன்னேன். "எவ்வளவு வேணும்" என்று கேட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து இந்த நடையைப் பற்றி வந்த முதல் கேள்வி இது.

---

சுக்குக்காப்பி | மார்ச் 12

பெட்டியை எங்கே அனுப்புவது என்பதில் கவனம். தபால் நிலையத்துக்கு ஜெனரல் டெலிவரி என்று உங்கள் பெயர் போட்டு அனுப்பலாம், 30 நாள் வரை வைத்திருப்பார்கள், புகைப்பட அடையாள அட்டை காட்டி வாங்கிக்கொள்ளலாம். பெட்டியின் நாலு பக்கமும் பெயரும் வந்துசேரும் நாளும் பெரிதாக எழுதுங்கள். பிரையாரிட்டி மெயிலில் அனுப்பி, பிரிக்காமல் இருந்தால், அதையே அடுத்த ஊருக்கு இலவசமாகத் திருப்பிவிடச் சொல்லலாம். இது பலருக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டரை மட்டும் அந்தப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், விமானத்தில் ஏற்றக் கூடாத பொருள். கேஸ் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எப்போது அங்கே இருப்பீர்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறதா?

---

நடைக்காரி | மார்ச் 12

கென்னடி மெடோஸில் ஜூன் 11 கிளம்பினால் 18 வியாழன் மாலை கீழே இறங்குவேன். 19 வெள்ளி காலை தபால் நிலையம்.

---

சுக்குக்காப்பி | மார்ச் 12

ஜூன் 19 ஜூன்டீந்த். 2021லிருந்து கூட்டாட்சி விடுமுறை. தபால் நிலையம் கிடையாது. அடுத்து சனி, சின்ன ஊர் தபால் நிலையத்தில் சனிக்கிழமை கவுன்டரை நம்ப முடியாது. அப்புறம் ஞாயிறு. திங்கள் காலை வரை உங்கள் பெட்டி கதவுக்கு அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்.

நான் இப்படி மாட்டியிருக்கிறேன், வேறோர் ஊரில், ஜூலை 4 வார இறுதியில். கண்ணாடி வழியாக என் பெட்டி தெரிந்தது. மூன்று நாள் விடுதி வாடகை கொடுத்தேன். அந்தக் காசுக்கு ரெண்டு பெட்டிச் சாப்பாடு புதிதாக வாங்கியிருக்கலாம்.

தங்கப்போகும் விடுதிக்கே அனுப்பிவிடுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள், பெட்டி வாங்கி வைப்பீர்களா, அதற்குத் தனியாகக் காசு உண்டா, எத்தனை நாள் வைப்பீர்கள் என்று.

---

நடைக்காரி | மார்ச் 12

ஐயோ. நாலு மாதமாகத் திட்டம் போடுகிறேன், இது கண்ணில் படவே இல்லை. நன்றி, நன்றி.

---

ஐம்பத்தெட்டு | மார்ச் 13

இண்டிபெண்டன்ஸா பிஷப்பா என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கியர்சார்ஜிலிருந்து இறங்கிச் சாலையைத் தொடும் இடமான ஆனியன் வேலியிலிருந்து இண்டிபெண்டன்ஸ் 21 கிமீ சாலை. சின்ன ஊர், இன்யோ மாவட்டத்தின் தலைநகர் என்றாலும் பெரிய மளிகைக் கடை கிடையாது. ஒரு ராத்திரி தூங்கிப் பெட்டி எடுத்துக்கொண்டு திரும்ப அது போதும். பிஷப் அங்கிருந்து இன்னும் 65 கிமீ வடக்கே, 395 நெடுஞ்சாலையில். பெரிய கடை, துணி துவைக்கும் இடம், மலையேற்றக் கடை எல்லாம் உண்டு. வார நாட்களில் 395இல் ஈஸ்டர்ன் சியெரா டிரான்சிட் பேருந்து ஓடும், எல்லா நேரமும் இல்லை, அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் இன்னொன்று. இண்டிபெண்டன்ஸுக்கும் லோன் பைனுக்கும் நடுவில் மான்சனார் இருக்கிறது. ரெண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்த முகாம். நான் என் மூன்றாவது நாளில் போனேன். மான்சனார் என்றால் ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம். அந்த மரங்கள் சில இப்போதும் நிற்கின்றன, முகாமில் இருந்தவர்கள் கல் அடுக்கிக் கட்டிய குளங்களும் தோட்டங்களும் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. நானும் எங்கட நாட்டில் பதினெட்டு வயதில் முகாமில் இருந்தவன். கூடாரத்து வாசலில் அம்மா ரெண்டு கத்தரிக்கன்று நட்டு வைத்திருந்தா. அந்தக் கல் குளத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் இருந்தேன். பின்னால் அதே சியெரா மலை, நான் முந்தின வாரம் ஆசைப்பட்டு நடந்த மலை, அவர்கள் வேலிக்குள்ளிருந்து மூன்று வருடம் பார்த்த மலை.

---

நடைக்காரி | மார்ச் 13

அண்ணா, கட்டாயம் போகிறேன்.

---

லேசான_பை | மார்ச் 14

தனியாகப் போகும் பெண் சவாரி கேட்பது பற்றி யாரும் பேசவில்லையே?

---

பொடிடப்பா | மார்ச் 14

நான் பேசுகிறேன், நானும் தனியாக நடந்தவள்தான். ஆனியன் வேலியில் கார் நிறுத்துமிடத்தில் பகல்நடைக்கு வந்தவர்கள், மீன்பிடிக்க வந்தவர்கள், முகாமில் தங்கியிருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். சாலையோரம் கட்டைவிரலை நீட்டி நிற்பதைவிட அங்கே நேராகப் போய்க் கேட்பது நல்லது. ஆளைப் பார்த்து, ரெண்டு வார்த்தை பேசி, குடும்பமாக வந்தவர்களாகப் பார்த்து நாம் தேர்ந்தெடுக்கலாம். கணவாயில் ஏறும்போதே முன்னால் பின்னால் நடப்பவர்களோடு பேசிச் சேர்ந்து இறங்குங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், அவர்கள் எதிரிலேயே எடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பையை டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் "தோழிக்காகக் காத்திருக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். காரணம் சொல்லும் கடன் நமக்கு இல்லை.

மாதவிடாய்ப் பொருட்களைப் பெட்டியிலேயே வைத்து அனுப்புங்கள். உடம்பு இளைக்க இளைக்கச் சுழற்சி நாள் மாறும், ஒரு சுற்றுக்குக் கூடுதலாக வையுங்கள். ரெண்டு சுற்று தொடர்ந்து வராமல் போனால் சாப்பாடு பற்றவில்லை என்று உடம்பு சொல்கிறது என்று அர்த்தம், எடை குறைந்ததைக் கொண்டாடாமல் ஊரில் கூடுதல் நாள் இருந்து சாப்பிடுங்கள்.

---

மலைக்காற்று | மார்ச் 14

ஊருக்குள் செய்ய வேண்டியவற்றின் வரிசையைச் சொல்கிறேன், இதில் தப்பு செய்தால் ஓய்வு நாள் ஓய்வாகவே இருக்காது.

இறங்கியதும் முதலில் சாப்பிடுங்கள். பசியோடு கடைக்குள் போனால் பன்னிரண்டு நாளுக்கு வாங்கிவிடுவீர்கள், அப்புறம் அது டப்பாவில் ஏறாது. சாப்பிட்டுவிட்டுக் குளியல், குளித்த கையோடு மழைக்கோட்டையும் மழைக்கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு மீதி எல்லாத் துணியையும் துவைக்கப் போடுங்கள். அதே நேரத்தில் பவர் பேங்கை சுவரில் சொருகிவிடுங்கள், பெரியது நிறைய ஆறேழு மணி நேரம் பிடிக்கும், ராத்திரி ஞாபகம் வந்தால் காலையில் பாதிதான் இருக்கும். கடை, பெட்டி பிரித்து அடுக்குவது எல்லாம் அன்று மாலைக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் முழுக்கக் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். இதுதான் ஜீரோ டே. ஊருக்குள் ஓடி ஓடி வேலை பார்த்துவிட்டு அதற்கு ஜீரோ டே என்று பெயர் வைத்தால் காலுக்குத் தெரியாதா?

காலணியும் பாருங்கள். 700, 800 கிமீக்குள் அடிப்பாகம் செத்துவிடும். கால் அரை அளவாவது பெரிதாகியிருக்கும், பழைய அளவை இப்போதே வாங்கி அனுப்பிவிடாதீர்கள்.

---

நடைக்காரி | ஏப்ரல் 20

நாளை மறுநாள் கிளம்புகிறேன். பிஷப் விடுதிக்குப் பேசிவிட்டேன், பெட்டி வாங்கி வைப்பார்களாம். அம்மா நாலு கிலோ சத்துமாவு அரைத்து அனுப்பியிருக்கிறார்கள். பிஷப் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

---

பொடிடப்பா | ஏப்ரல் 20

நாலு கிலோவா! எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். நல்லபடியாகப் போய்வாருங்கள்.

---

ஐம்பத்தெட்டு | ஏப்ரல் 21

பத்திரம் தங்கச்சி.

---

நடைக்காரி | ஜூன் 20

பிஷப்பிலிருந்து எழுதுகிறேன். படுத்துக்கொண்டு, கால் ரெண்டையும் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு.

கென்னடி மெடோஸ் போய்ச் சேர்ந்தபோது கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். யார் நடந்து வந்தாலும் தட்டுவார்களாம், அது அந்த இடத்துப் பழக்கம். ஐம்பது நாள் பாலைவனம் நடந்துவிட்டுப் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அழுகை வந்துவிட்டது.

விட்னி ஏறினேன். ஃபாரெஸ்டரை அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஆறு பேர் சேர்ந்து ஏறினோம். மலைக்காற்று சொன்னது சரி, கீழிறங்கும்போது பத்து மணிக்கே பனி கூழாகிவிட்டது, கடைசி ரெண்டு கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரம். எனக்கு அந்த வாரம் சராசரி 19 கிமீதான் வந்தது. இறங்காமல் போயிருந்தால், பதினொன்றாவது நாள் உணவு என்ற ஒன்று பையில் இல்லாத நிலையில் நான் இப்போது பிஞ்சாட் கணவாய்ப் பக்கம் எங்கேயோ இருந்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

18ஆம் தேதி மதியம் கியர்சார்ஜ் கணவாய். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கீழே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு பழுப்பாக, காய்ந்து கிடக்கிறது. 1913இல் கால்வாய் வெட்டி அந்த ஆற்றுத் தண்ணீரை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனார்கள், ஓவன்ஸ் ஏரி அதற்கப்புறம் பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் வறண்டுவிட்டது. இந்தப் பக்கம் பனி உருகி ஓடும் ஓடைகள், அந்தப் பக்கம் அது. ஏரி இருந்த இடத்தைப் பற்றி எனக்குச் சவாரி கொடுத்த தம்பதிதான் சொன்னார்கள். மீன்பிடிக்க வந்தவர்கள், ஐந்து நாளாகக் குளிக்காத என்னையும் இன்னொரு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு, நாங்கள் கேட்காமலே பிஷப் வரை கொண்டுவந்து விட்டார்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்தேன், அந்த அம்மா "என் மகளும் இதையே செய்ய வேண்டும்" என்றார்.

இறங்கி 3,580 மீட்டரிலிருந்து 1,260 மீட்டருக்கு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. பெட்டி வந்திருந்தது. மறுநாள் தபால் நிலையக் கதவில் விடுமுறை அட்டை தொங்கியது, அதன் வாசலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருடைய காலணி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. சுக்குக்காப்பி, உங்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு என் சத்துமாவில் ஒரு கிலோ கொடுத்தேன், வெல்லம் போட்டது என்றதும் அங்கேயே கரைத்துக் குடித்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் ஷாட்ஸ் பேக்கரியில் ஷீப்ஹெர்டர் ரொட்டி ஒரு முழு உருண்டை வாங்கி வெண்ணெய் தடவி பாதியை மரத்தடியிலேயே தின்றேன். அப்புறம் பீட்சா. அப்புறம் தர்ப்பூசணி. ஆனாலும் பசி அடங்கவில்லை, வயிறு நிறைந்து இன்னும் ஏதோ கேட்டது. ராத்திரி எட்டு மணிக்குக் கடைக்குப் போய் மைக்ரோவேவில் வைக்கும் வெள்ளை அரிசிப் பொட்டலம் ரெண்டு, புளிப்பில்லாத தயிர் ஒரு டப்பா, உப்பு வாங்கி வந்தேன். பெட்டியில் அம்மா எனக்குத் தெரியாமல் ஒரு சின்னப் பொட்டலம் மாவடு வைத்திருந்தார்கள், ரெட்டைக் கவர் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி. விடுதித் தட்டில் பிசைந்து கையால் சாப்பிட்டேன். அறைத்தோழி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு தனக்கும் கொஞ்சம் கேட்டாள். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டேன், அங்கே காலை, என்ன சாப்பிட்டாய் என்றார்கள், சொன்னேன், கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் பேச்சே இல்லை.

தபால் நிலையம் பக்கம் போய்வந்தது போக, நேற்று முழுக்கப் படுத்திருந்தேன். ஐம்பத்தெட்டு அண்ணா சொன்ன மாதிரியே ரெண்டாம் நாள்தான் வலியெல்லாம் வெளியே வந்தது, இடது குதிகாலில் ஒரு வெடிப்பு இருப்பதே நேற்றுதான் தெரியும். இன்று மான்சனார் போக நினைத்தேன், சனிக்கிழமை பேருந்து இல்லை. விடுதியில் இருக்கும் ஒருவர் நாளை காலை தெற்கே போகிறாராம், வழியில் அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தி, அப்புறம் ஆனியன் வேலியில் விடுகிறேன் என்றிருக்கிறார். நாளை இரவு பாட்ஹோல் ஏரிப் பக்கம் கூடாரம் போட்டுவிட்டு, திங்கள் காலை கணவாய் ஏறுவேன்.

பொடிடப்பா அக்காவுக்கு ஒரு கேள்வி. டப்பாவில் எல்லாம் அடைத்துவிட்டேன், ஒரு நாள் சாப்பாடு மட்டும் வெளியே நிற்கிறது. கடலை மிட்டாயை உடைத்துப் பொடியாக்கி இடுக்கில் நிரப்பினால் ஒட்டிக்கொள்ளுமா?

---

பொடிடப்பா | ஜூன் 20

ஒட்டும். உடைத்துச் சத்துமாவோடு கலந்துவிடுங்கள், மாவு சுற்றிக்கொண்டால் ஒட்டாது. அவல் பாக்கெட்டில் ஊசியால் ஒரு குத்துக் குத்திக் காற்றை வெளியே தள்ளி டேப் ஒட்டுங்கள், பாதி இடம் கிடைக்கும். மாவடு தீர்ந்துவிட்டதா?

---

நடைக்காரி | ஜூன் 20

ரெண்டு மீதி இருக்கிறது. அது டப்பாவில் மேலேயே இருக்கும்.